அடிமாட்டு விலை

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார். "சார், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கம் இத்தனை டேனரி இருக்கே, ஒரு காலத்துல அமெரிக்கா மாதிரி ஆயிரம் ஏக்கர்ல மாட்டுப் பண்ணைங்க இங்க இருந்துதா? இவ்வளவு தோலுக்கு மாடு எங்கிருந்து வந்துது?" நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேர் பதில். டெக்சாஸ், பிரேசில், ஆஸ்திரேலியா போல வேலி போட்ட பெரும் பண்ணைகள் நம்ம பக்கம் இருந்ததில்லை. இங்கே மாடு வீட்டுக்கு ஒன்று இரண்டுதான். ஏர் வைத்திருந்தவர் வீட்டில் ஒரு ஜோடி எருது, ஒரு பசு, வசதி இருந்தால் ஓர் எருமை. காலையில் அவிழ்த்துவிட்டால் எல்லா வீட்டு மாடும் ஒரே மந்தையாகச் சேர்ந்து ஊர்ப் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் மேய்ந்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்பும். பண்ணை என்று ஒன்று இருந்தது என்றால் அது ஊர் முழுவதும் சேர்ந்ததுதான். சென்னையில் மந்தைவெளி என்று பஸ் ஏறுகிறோமே, அந்தப் பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

மாடு நம்ம வட்டாரத்துக்கு எவ்வளவு பழைய சொத்து என்பதற்கு நடுகற்களே சாட்சி. செங்கம், திருவண்ணாமலை, திருப்பத்தூர், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். அவற்றில் அடிக்கடி வரும் சொல் 'தொறு'. தொறு என்றால் மாட்டு மந்தை. அடுத்த ஊரான் வந்து தொறுவை ஓட்டிக்கொண்டு போவான். இந்த ஊர் ஆள் துரத்திப்போய் மீட்கும்போது சாவான். அவனுக்கு ஊர் கூடிக் கல் நடும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்திலேயே செங்கம் நடுகற்களைப் படித்துப் புத்தகமாக வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது எடத்தனூர் கல். 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வெட்சி, கரந்தை என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தோமே, அதற்குச் சான்று நம்ம வரப்பு ஓரத்திலேயே மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டியிருந்தால் மார்க்குக்காகப் படிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இனி வெள்ளைக்காரன் காலம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கேப்டன் ரீட் திருப்பத்தூரில் இருந்துகொண்டு இந்த நாட்டை அளந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்தான் பின்னாளில் மதராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. உழுகிற நிலம் ரயத்தின் பெயரில் வந்தது, நல்லது. உழாத நிலம் யாருடையது? சர்க்காருடையது. மாடு மேய்வது உழாத நிலத்தில்தானே. ஊர் தன்னுடையது என்று நினைத்திருந்த மேய்ச்சல் நிலம் கணக்குப் புத்தகத்தில் அப்போதே கைமாறிவிட்டது. ஊருக்கு அது தெரிய இன்னும் தொண்ணூறு வருஷம் ஆனது.

இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லாவும் வடஆற்காடு ஜில்லாவும் கடுமையாக அடிபட்டன. நம்ம திருப்பத்தூர் தாலுக்கா அப்போது சேலத்தில் இருந்தது. மனிதர்கள் கஞ்சித் தொட்டியைத் தேடி நடக்கும் முன்பே மாடுகள் விழுந்துவிட்டன. புல்லும் இல்லை, கூரையிலிருந்து பிடுங்கிப் போட்ட பழைய வைக்கோலும் தீர்ந்துபோனது. அந்த வருஷங்களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி ஏறியது. இந்த இரண்டு செய்திகளையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாடு வைத்திருந்தவன் எருதை இழந்தான், அடுத்த மழைக்கு உழ வழியில்லாமல் கடனாளி ஆனான். அதே எருதின் தோல் லண்டன் ஏலத்துக்குக் கப்பல் ஏறியது.

பஞ்சம் முடிந்து சில வருஷத்தில், 1882-ல், மதராஸ் வனச் சட்டம் வந்தது. ஜவ்வாது மலை, ஏலகிரி, அடிவாரக் காடுகள் எல்லாம் ரிசர்வ் காடுகளாக வரையறுக்கப்பட்டன. மேய்க்க வேண்டும் என்றால் கட்டணம், பர்மிட். அதற்கு முன்பே 1871-ல் கால்நடை அத்துமீறல் சட்டம் இருந்தது. பிடிபட்ட மாட்டைக் கொண்டித்தொழுவில் அடைப்பார்கள். தீனிச் செலவும் தண்டமும் கட்டினால்தான் வெளியே வரும், கட்டாவிட்டால் ஏலம். என் வயதுக்காரர்களுக்குக் கொண்டித்தொழு நினைவிருக்கும். கல் சுவர், இரும்புக் கதவு, உள்ளே பசியில் கத்தும் மாடு. இப்போது அந்த இடங்களில் வேறு கட்டடங்கள் நிற்கின்றன.

இப்போது தோலுக்கு வருகிறேன். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. அடுத்த சில வருஷங்களில் நம்ம ஜோலார்பேட்டையைத் தாண்டிப் போனது. 1864-ல் இங்கிருந்து பெங்களூர் கிளை பிரிந்து ஜங்ஷன் ஆனது. மதராஸ் துறைமுகம் ஒரு பக்கம், மைசூர் நாடு மறுபக்கம், நடுவில் பாலாற்றுத் தண்ணீர். தோல் பதனிட இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்று வேண்டும், துவர்ப்புப் பட்டை. அதற்கு ஆவாரம் இருந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரம்தான். வானம் பார்த்த புறம்போக்கில் தானாக வளர்வது. ஜவ்வாது மலைக் கடுக்காய் கூடச் சேர்ந்தது. இந்தப் பட்டையில் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். கவனியுங்கள், மாட்டுக்குப் புல் கொடுத்த அதே புறம்போக்குதான் அதன் தோலுக்குப் பட்டையும் கொடுத்தது.

ஆனால் டேனரிக்கு வந்த தோல் எல்லாம் உள்ளூர் மாட்டுத் தோல் என்று நினைக்க வேண்டாம். நாலா திசையிலிருந்தும் ரயிலில் உப்புப் போட்டு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடியில் ஆட்டுத் தோலும் பெருமளவு. ஆக, மாணவர் கேட்ட கேள்விக்கு முழு பதில் இதுதான்: மாடு இந்தியா முழுவதும் ஏழை வீட்டுக் கட்டுத்தறியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தது.

தோல் வியாபாரத்தில் ஈடுபட்ட முஸ்லிம் குடும்பங்கள் சம்பாதித்ததைப் பூட்டி வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் தொடங்கியது. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் பெயரைக் கல்வி உதவியோடு சேர்த்துத்தான் இன்றும் சொல்கிறோம். தொட்டியில் இறங்கி முழங்கால் வரை சுண்ணாம்பு நீரில் நின்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் பெயரில் கல்லூரி இல்லை.

20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி மதராஸில் குரோம் பதனிடுதலைப் பரப்பினார். வாரக்கணக்கில் ஊறிய வேலை நாள்கணக்கில் முடிந்தது. 1970-களில் பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு தடை போட்டு, முடித்த தோலும் செருப்பும் ஷூவுமாகத்தான் போக வேண்டும் என்றது. நம்ம பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஷூ கம்பெனிக்குப் போனது அதன் பிறகுதான். அந்தச் சம்பளத்தில் படித்து முன்னேறிய குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். அதனால் டேனரியை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வராது.

ஆனால் குரோமும் உப்பும் பாலாற்றில் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பாதியாகவோ பாழானதாகத் தீர்ப்பில் குறிப்பு இருக்கிறது. ஒரு கிலோ தோல் முடிக்க 35 லிட்டர் தண்ணீர் என்றும் இருக்கிறது. இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைத்து, 2001-ல் 29,193 குடும்பங்களுக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் என்று முடிவானது. நான் வாத்தியார், வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. குடும்பத்துக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை. அன்றைக்கு ஒரு நல்ல கறவை வாங்கப் போதாது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது.

நிலத்தையாவது ஹெக்டேர் கணக்கில் அளக்கலாம். உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்வதை எதில் அளப்பது? மாதனூர் பக்கம் மாடு வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதே காலத்தில்தான் மாடும் மாறியது. ஏருக்கு டிராக்டர், கவலைக்கு மோட்டார், வண்டிக்கு டெம்போ. எருதுக்கு வேலை போனது. லிட்டில்வுட் 1936-ல் தென்னிந்திய கால்நடைகள் பற்றி எழுதியபோது ஆலம்பாடி, பர்கூர், காங்கேயம் எல்லாம் உழைப்புக்குப் பேர்போன இனங்கள். (இந்தப் பர்கூர் நம்ம பக்கத்துக் கிருஷ்ணகிரி பர்கூர் அல்ல, அந்தியூருக்கு மேலே மலையில் இருப்பது. பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.) உழைக்கும் மாட்டுக்குக் கிராக்கி குறைந்ததும் அந்த இனங்களும் சுருங்கின. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் ஊசி போட்டுச் சினைப்படுத்தும் முறையும் ஜெர்சி, பிரீசியன் கலப்பினத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு வந்தன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள், 2012-ஐவிட அதிகம். எருமையோ சுமார் 7.8 லட்சத்திலிருந்து 5.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. எருமைத் தயிர் என்று ஒன்று இருந்ததே என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

கலப்பினப் பசு வந்ததால் பெண்கள் கையில் வாராவாரம் பணம் புழங்கியது. சொசைட்டிப் பால் காசில் படித்த பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டுச் சாணி வாசனையோடு வகுப்புக்கு வருவார்கள். ஆனால் இந்த மாடு மந்தையோடு போய் மேய்கிற மாடு அல்ல. நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம் எல்லாம் விலைக்கு வேண்டும். வைக்கோலும் இப்போது கட்டுக் கணக்கில் விலைக்குத்தான். மேய்ச்சல் புறம்போக்கு இருந்த இடங்களில் காலனி, ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு. 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. எங்கள் பக்கம் மேய்ச்சலுக்கென்று மீட்கப்பட்ட ஓர் ஏக்கரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பால் விலைக்கு வருவோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32-லிருந்து 35 ரூபாயாகவும், எருமைப் பாலை 41-லிருந்து 44 ஆகவும் உயர்த்தியது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த 35 ரூபாயும் கொழுப்பும் இதர சத்தும் சரியாக இருந்தால்தான். அதே 2023 மே மாதம் குஜராத்தின் அமுல் கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் நிலையம் வைத்து, நம்ம திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்கள் உள்பட இந்தப் பக்கம் பால் கொள்முதல் செய்யத் திட்டமிடுகிறது என்று முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கூட்டுறவை உடைக்கக் கூடாது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் மாடு வைத்திருக்கும் அம்மாக்களைக் கேட்டால், "யார் ரெண்டு ரூபா சேர்த்துத் தர்றாங்களோ, காசைத் தேதிக்குத் தர்றாங்களோ, அவங்களுக்கு ஊத்தறோம்" என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். மாட்டுக்கு இரண்டு விலை. ஒன்று கறக்கும்போது. இன்னொன்று கறவை நின்ற பிறகு. எதையாவது மிகவும் மலிவாக விற்றால் 'அடிமாட்டு விலைக்குப் போச்சு' என்கிறோமே, அந்த இரண்டாவது விலை. பேச்சில் அது கேவலமான விலை. மாடு வளர்ப்பவருக்கு அடுத்த கன்றுக்கான முதலே அதுதான். எங்கள் தெருவில் ஒரு அம்மாவிடம் இரண்டு பசு. ஒன்றுக்கு நாலு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. ஏழெட்டு மாதம் வறட்டு மாட்டுக்குத் தீனி போட்டார். மற்ற பசுவின் பால் காசு முழுக்க அதற்கே போனது. கடைசியில் விற்றார். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று மாலை விளக்கு ஏற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாட்டை விற்கிறவருக்கு மாட்டின் மேல் பாசம் இல்லை என்று பேசுகிறவர்கள் ஒரு வருஷம் ஒரு வறட்டு மாட்டைக் கட்டித் தீனி போட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு பிராணிகள் பாதுகாப்புச் சட்டம் 1958-ல் வந்தது. பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று இருந்தால் அறுக்கலாம். 1976 ஆகஸ்டில் வந்த அரசாணை பசுவதையைத் தடை செய்தது. பசு வதை கேரளாவில் தடை இல்லை. ஆக, லாரிகள் எந்தத் திசையில் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

2017 மே 23-ல் மத்திய அரசு கால்நடைச் சந்தைக்குப் புது விதி கொண்டு வந்தது. சந்தையில் விற்கும் மாடு அறுப்புக்கு அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் ஆறு மாதம் மறுபடி விற்கக் கூடாது. மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சந்தையே நடத்தக் கூடாது. இந்த மூன்றாவது விதியைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடியாத்தம், பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளி எல்லாம் ஆந்திர எல்லையை ஒட்டி. செவ்வாய்க்கிழமை கூடும் பொய்கை மாட்டுச் சந்தைக்கும் எல்லை அதிகத் தூரமில்லை. பல் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற சந்தைக்கு, டெல்லியில் யாரோ வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள். ஒரு வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. பிறகு அரசே அந்த விதியைக் கைவிட்டது. ஆனால் லாரியை மறிக்கும் பயம் போகவில்லை. வழியில் எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள் என்று வியாபாரி கணக்குப் போட்டுத்தான் வீட்டு வாசலில் விலை கேட்கிறார். அந்தச் செலவு அவர் பையிலிருந்து போவதில்லை.

2022-ல் தோல் கழலை நோய் வட மாநிலங்களில் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. இங்கேயும் வந்தது. பிழைத்த மாட்டுக்குப் பால் குறைந்தது, தோலில் தழும்பு நின்றது. தழும்புத் தோலுக்கு மண்டியில் மதிப்பு இல்லை. செயற்கைத் தோல் வந்த பிறகு நல்ல தோலுக்கே பழைய மதிப்பு இல்லை. அந்த இறக்கமும் அடிமாட்டு விலையில்தான் கழிகிறது.

மலை மாட்டுக்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்றது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டது. 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமை எழுத்திலேயே இருக்கிறது. இருந்தும் காட்டோரம் மாடு ஓட்டுகிறவர் 1882-ல் போலத்தான் இன்றும் பயந்து பயந்து ஓட்டுகிறார்.

எருது விடும் விழாவைச் சொல்லாவிட்டால் நம்ம ஊர்ப் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். 2014-ல் தடை, 2017 போராட்டம், 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும். விழாவால் நாட்டுக் காளைகள் கொஞ்சம் பிழைத்தன, மறுக்கவில்லை. காளைக்குப் பெயர் உண்டு, ஃபிளெக்ஸ் உண்டு, பேரீச்சம்பழம் உண்டு. பின்கட்டில் கறக்கிற பசுவுக்கு ஊசி போட டாக்டர் வரவில்லை என்று ஒரு பையனும் ரோட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். பால் விலைக்குக் கமிட்டி இருக்கிறது, தோல் ஏற்றுமதிக்குக் கவுன்சில் இருக்கிறது, கரும்புக்கும் நெல்லுக்கும் விலை அறிவிக்கிறார்கள். கறவை நின்ற மாட்டை விற்கக் கூடாது என்று சொல்கிறவர்கள், அதை யார், எந்தக் காசில் காப்பாற்றுவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விற்கலாம் என்று சொல்கிறவர்கள், வழியில் மறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லாமல் எங்கள் தெரு அம்மாவின் தலையில் அதைக் கட்டுவது சரியில்லை.

அடுத்து நம்ம தாலுக்காவில் கொண்டித்தொழு இருந்த இடங்களைப் பற்றி எழுத எண்ணம். ஜோலார்பேட்டை, நாட்றம்பள்ளி, கந்திலி, ஆலங்காயம் பக்கத்துப் பெரியவர்கள் யாருக்காவது உங்கள் ஊர்த் தொழு எங்கே இருந்தது, தண்டம் எவ்வளவு கட்டினீர்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். பழைய ரசீது ஏதாவது பெட்டியில் கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.